காயல் தெரியும் வீடு கேட்ட அத்தை

அத்தை வீட்டு வாசலில் யாரும் வந்து சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். நிறையச் செய்வார். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு விஷயம் தெரிந்து, கோபம் வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் அத்தை அவர் வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்திருப்பார்.

எங்களுக்கு அவர் உறவு கிடையாது. இராஜபாளையத்தில் எங்கள் தெருவில், எதிர் வரிசை மாடி வீட்டில் தனியாக இருந்தார். கணவர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அம்மா அவரை மயினி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. சத்திரப்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு தறிக்கூடம் வைத்து, ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்து அனுப்பிக்கொண்டிருந்தார். துணி ஏற்றும் பழைய ஆம்னி வேனை அவரே ஓட்டுவார். மோசமாக ஓட்டுவார்.

அந்த வேன்தான் எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது. எட்டாம் வகுப்பில் டியூஷன் முடிந்து வெளியே வந்தால், என் சைக்கிளின் பின்சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. யார் செய்தது என்று தெரியவில்லை. எனக்குள்ளே ஒரு பக்கம் சந்தோஷம்தான். சரியாக அழுதால் கியர் வைத்த சைக்கிள் கிடைக்கும். வழி முழுக்க அழுகையை ஒத்திகை பார்த்தபடி தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் அத்தை. கையில் பாதி குடித்த காபி. சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, அவர் சாயங்காலம் வந்து எடுத்துப்போவார் என்பது வரை எல்லாம் முடிந்திருந்தது.

“நாந்தாண்டி ஏத்துனேன். ரிவர்ஸ் எடுக்கையில கண்ணாடியப் பாக்கல. கோவம் இருந்தா இப்பவே ஏசிரு. நாளைக்குன்னு வச்சுக்கிடாத” என்றார்.

எனக்கு ஏச வரவில்லை. அழுகையும் போயிற்று, கியர் சைக்கிளும் போயிற்று. அவரிடம் இருந்த சிக்கலே இதுதான். தன் குற்றத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நம் மடியில் வைத்துவிடுவார். அதன்பிறகு நாம் கோபப்பட்டால் நாம்தான் கெட்டவர்கள். அவர் போனபின் அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே புலம்பினாள்: “அவிய பாட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிட்டாவ. என் கோவத்த நான் எங்க கொண்டுபோயிக் கொட்ட?”

தொழிலிலும் இப்படித்தான். ஒரு தடவை சலவைக்குப் போன துணியைச் சரியாக அலசாமல் கொடுத்துவிட்டார்கள். வெளுக்கப் போட்ட மருந்தின் நெடி கொஞ்சம் தங்கிவிட்டது. அத்தைக்கு அது தெரிவதற்குள் மூட்டைகள் கொச்சிக்குப் போய், மொத்த வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் இறங்கிவிட்டன. அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அத்தை அன்றே ரயில் ஏறிப்போய், பிரிக்காதீர்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வியாபாரி நன்றி சொன்னார். அடுத்த ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார். இதைச் சொல்லிவிட்டீர்கள், சொல்லாமல் விட்டது எத்தனையோ என்று கேட்டாராம். அத்தை அதை எங்கள் வீட்டில் வந்து சிரித்தபடி சொன்னார். அவர் கேட்டதும் நியாயம்தானே என்று வேறு சொன்னார்.

இந்தக் குணத்தை எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தோம் என்றால் அது பொய். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தம்பி குடும்பம் இருந்தது. தம்பி மகளுக்குத் தளவாய்புரத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. அதற்கு முன்னால் அவளுக்கு வேறு ஓர் இடத்தில் நிச்சயம் வரை போய் நின்றிருந்தது. அவள்மேல் ஒரு குறையும் இல்லை. இரண்டு அப்பாக்களுக்குள் ஏதோ வீம்பு. அந்தப் பேச்சைப் புதுச் சம்பந்தி வீட்டில் எடுக்க வேண்டாம் என்று தம்பி குடும்பத்தில் முடிவு செய்திருந்தார்கள். அத்தை ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு தளவாய்புரம் பஸ் ஏறிவிட்டார். அவர்களாகத் தெரிந்துகொண்டு கேட்பதற்குமுன் நாமே சொல்லிவிட்டால் பிள்ளைக்கு நல்லது என்பது அவர் கணக்கு. பால்கோவாவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

இதில் அத்தை செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய கதவை அவள் சார்பில் இவர் போய்த் தட்டினார். அவள் அதன்பிறகு அத்தையோடு பேசவில்லை. தம்பி பேசினார், ஒரே ஒரு தடவை. அத்தை இருந்த மாடி வீடு பூர்வீகச் சொத்து, பத்திரம் தம்பி பெயரில். விற்கப்போகிறேன், வேறு இடம் பார்த்துக்கொள் என்றார்.

அந்த வாரமே எனக்கு போன் வந்தது. நான் அப்போது சிவில் முடித்துவிட்டு, கொச்சியில் வீடு வாங்க விற்க உதவும் ஒரு இணையதளக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

“ஏட்டி, தண்ணி தெரியுற மாதிரி ஒரு வீடு பாரு. தறியெல்லாம் வெலைக்குக் குடுத்துட்டேன். இனிமே எந்திரின்னு ஒருத்தரும் சொல்லாத எடத்துல உக்காரணும்.”

எங்கள் தெருவுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. தனியாக இருக்கிற பொம்பளைக்குக் கொச்சியில் என்ன, அதிலும் அடுக்குமாடியில் என்ன, இங்கே வாடகைக்கு வீடா இல்லை என்றார்கள். அத்தைக்கு அது புதிய ஆசை இல்லை. துணி மூட்டைக் கணக்குப் பார்க்கக் கொச்சிக்குப் போகும்போதெல்லாம், பாலத்தின்மேல் பஸ் ஏறியதும் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கீழே பரந்து கிடக்கும் காயலைப் பார்த்திருக்கிறார். எங்கள் தெருவில் குடிதண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தண்ணீர் வரும் நாளை வைத்துத்தான் விருந்தாளியையே கூப்பிடுவோம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து போகிறவருக்கு அவ்வளவு தண்ணீர் சும்மா கிடப்பது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. புதிதாகக் கட்டும் டவர்களையெல்லாம் லேப்டாப்பில் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். மாடியில் நீச்சல் குளம், ஜிம், கண்ணாடி லிஃப்ட். அத்தை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். கட்டி முடிக்கும்வரை நான் எங்கே இருப்பேன்? அதோடு புது டவர் கதை முடிந்தது. கைமாறுகிற வீடாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கிடைத்தது. காயலை ஒட்டி நிற்கும் உயரமான கட்டடம். கட்டிப் பல வருஷம் ஆகியிருந்தாலும் வசதியெல்லாம் அப்படியே இருந்தது. வாசலில் தொப்பி போட்ட காவல்காரர், லாபியில் பளிங்குத் தரை. பதினொன்றாவது மாடியில் ஒரு வீடு. கல்ஃபில் வேலை பார்த்துத் திரும்பியவர் மகனோடு போய் இருக்கப்போவதால் விற்கிறார். நான் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று ஓடி ஓடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பால்கனித் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே ஒரு படகு போயிற்று. அது கண்ணுக்கு மறைகிறவரை எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, வாங்குவார்கள்தானே என்று மெதுவாகக் கேட்டார்.

அட்வான்ஸ் கொடுத்தோம். குடியிருப்போர் அசோசியேஷன் ஆட்சேபமில்லை என்று என்.ஓ.சி. கொடுத்ததும் அடுத்த வாரம் பத்திரப்பதிவு. ஊரிலும் தம்பி வீட்டை விலை பேசி முடித்து, மாசக் கடைசிக்குள் சாவி வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். எல்லாம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியது. நான்தான் பொருத்தினேன் என்ற பெருமையில் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அலமாரிக்கு அளவெடுக்க வீட்டுக்காரர் சாவி கொடுத்திருந்தார். சாமான்களைப் பெட்டி கட்டி அடுக்கிவிட்டு அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அளவெடுத்துக் கை கழுவப்போனால் குழாயில் தண்ணீர் இல்லை. காவல்காரரைக் கேட்டோம். டேங்கர் லாரி தாமதம், மதியத்துக்குமேல் வந்துவிடும் என்றார். சுற்றிலும் காயல், குழாயில் காற்று. அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதுக்கு நம்ம ஊரே தேவல போலயே என்றார். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று இறங்கினோம். படகுத்துறையில் படகு நின்றுகொண்டிருந்தது. அத்தை ஏறிவிட்டார். அக்கரைக்குப் போய், இறங்காமல் அதே படகில் திரும்பி, மறுபடி போனோம். 

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது காலில் தண்ணீர் பட்டது.

எங்கள் ஊர்க்காரர் யாரும் இதைக் கேட்டதும் புரிந்துகொள்வார்கள். தண்ணீர் வராத நேரத்தில் நாங்கள் குழாயை மூடமாட்டோம். திறந்து வைத்து அடியில் ஒரு குடத்தை வைத்துவிடுவோம். எப்போது வந்தாலும் குடத்தில் விழுகிற சத்தம் கூப்பிட வேண்டும். மூடிய குழாய்க்குத் தண்ணீர் வந்தது யாருக்குத் தெரியும்? அத்தையின் கை அதைத் தானாகச் செய்திருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் இருந்த குழாயைத் திறந்து, கிடந்த ஒரு வாளியை அடியில் வைத்திருக்கிறார். தண்ணீர் வந்திருக்கிறது, கூப்பிட்டும் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. தண்ணீர் வெளியே போகும் துளையைப் பெட்டி கட்டிய அட்டைகள் அடைத்திருந்தன.

அத்தை பையிலிருந்த பேண்டேஜ் துணியை எடுத்துக் கீழே போட்டார். அவர் பையில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும். நான் பக்கெட்டால் அள்ளினேன். தரை ஒருவழியாகக் காய்ந்தது. எட்டிப் பார்த்தால், பத்தாவது மாடி வீட்டின் கூரையிலிருந்து பால்கனிப் பக்கமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மணி அடித்தோம். பூட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா குவைத்தில் நர்ஸ், வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார் என்றார் காவல்காரர்.

நான் வேகமாக யோசித்தேன். கட்டடம் பற்றிப் படித்தவள் நான். கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அலங்காரத்துக்குப் போட்ட சீலிங் ஊறிப்போயிருக்கும், அவ்வளவுதான். பதிவு முடியட்டும். மேல் வீடு நம் பெயருக்கு வந்ததும் நாமே அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிச் செய்து கொடுத்துவிடலாம். இப்போதே சொன்னால் அசோசியேஷன் என்.ஓ.சி.யை நிறுத்தும். நான் மறைக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னேன். இன்றைக்கும் அதைத் தப்பான யோசனை என்று நான் நினைக்கவில்லை.

நான் முழுவதும் சொல்லி முடித்தபோது அத்தை லிஃப்டுக்குள் நின்றிருந்தார். செகரட்டரி வீடு எந்த மாடி என்று காவல்காரரிடம் கேட்டுவிட்டார்.

செகரட்டரி கண்ணியமான மனிதர். பொறுமையாகக் கேட்டார். கீழ் வீட்டுக்காரரின் நம்பரைக் கொடுத்தார். அவர் சமாதானமாகும்வரை என்.ஓ.சி. கொடுக்க முடியாது என்று அதே கண்ணியத்தோடு சொன்னார். குவைத் நம்பர் எடுக்கவில்லை. அத்தை என் போனை வாங்கி, யார், எந்த ஊர், என்ன செய்தேன் என்று நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பினார். மறுநாள் காலை, எங்களுக்கு விற்க இருந்த மேல் வீட்டுக்காரர் கூப்பிட்டார். குடிவருவதற்கு முன்பே இப்படியா, என் வீட்டில் வைத்து என் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தினார். பிறகு நிதானமாக, வேறு ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்கள் அட்வான்ஸை இன்றே அனுப்பிவிடுகிறேன் என்றார். அனுப்பியும்விட்டார்.

நான் வெடித்துவிட்டேன். கொச்சி காக்கநாட்டில் என் வாடகை அறையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்த அந்த மனுஷியிடம், மாசக் கடைசியில் எங்கே போவீர்கள் என்று கத்தினேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு கையில் இருந்திருக்கும் என்றேன். தளவாய்புரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. நான் ஓய்ந்தபின் சொன்னார்:

“பொறுத்திருந்தா வீடு இருந்திருக்கும்டி. உள்ள உக்காந்து நான் என்ன செய்வேன்? காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் கீழ் வீட்டுக்காரியோன்னு கெதக்குங்கும். அவரு இருந்த காலத்துல அப்படி உக்காந்து பாத்தவ நான். யாரு தட்டுதாவ, என்ன கேக்க வந்திருக்காவன்னு. அதுக்கு ஒரு வீடு வாங்கணுமா?”

கணவரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மேலே ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் அதை நேர்மை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தட்டப்போகும் கதவை முன்கூட்டியே போய்த் திறந்துவிடுகிற அவசரம் அது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

மத்தியானம் குவைத்திலிருந்து அந்த நர்ஸ் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். நைட் டியூட்டி முடிந்து வந்த முகம். செகரட்டரியைக் கூட்டிக்கொண்டுபோய், அவரிடம் இருந்த சாவியால் திறந்து வீட்டைக் காட்டச் சொன்னார். போனோம். கூடத்துக் கூரையில் பெரிய பழுப்புக் கறை, ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. நான் போனைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு மூலையாகக் காட்டினேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் கிட்டே காட்டச் சொன்னார். மதுரையில் நர்சிங் படித்தவராம், தமிழ் நன்றாக வந்தது.

“யாராவது பாத்தாங்களா அம்மா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு சொன்னீங்க?”

“நான் பாத்தேனே” என்றார் அத்தை.

 அதைக் கேட்டதும் அந்த அம்மா மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். அந்த வீட்டில் ஏசி கெட்டு வெகுநாள் கிடந்தது, சொந்தக்காரர்கள் சொல்லவில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டுத் திரைச்சீலையால் மூடிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு லீவுக்கும் இந்தக் கதவைத் திறக்கும்போது என்ன உடைந்திருக்குமோ என்று பயந்துதான் திறப்பாராம். இந்த வீட்டைப் பற்றி எனக்கு யாரும் கூப்பிட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை என்றார். மேல் வீடு கைவிட்டுப்போனதைச் செகரட்டரி சொல்லியிருந்தார் போல. எனக்கு இதை வைத்துக்கொண்டிருந்தது போதும், நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

எனக்குள் இருந்த கம்பெனிக்காரி துள்ளி எழுந்தாள். மேடம், சீலிங் டேமேஜ் இருக்கிறது, அதனால் ரேட்டை என்று ஆரம்பித்தேன். அத்தை என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

“ஏட்டி, சும்மா கெட. தண்ணிய ஒழுக விட்டது நாம. அதக் காட்டி வெலையவும் கொறைக்கச் சொல்லுவியோ?” என்னிடம் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துத் திரும்பினார். “அம்மா, மேல் வீட்டு வெலைதான் இதுக்கும். சீலிங் என் பொறுப்பு.”

செகரட்டரி சிரிப்பை அடக்கக் காயல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தலையில் கை வைத்தேன்.

“அப்படின்னா நானும் சொல்லிடறேன்” என்றார் அந்த அம்மா. யாரும் கேட்கவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டுபோனார். படுக்கையறை ஜன்னல் உப்புக்காற்றில் இறுகிவிட்டது, பாதிதான் மூடும். மழை நாளில் காயலிலிருந்து ஒரு வாடை வரும், பழக நாளாகும். இடது பக்கக் குளியலறையில் வெந்நீர் வராது. பக்கத்து வீட்டுப் பையன் சாயங்காலமானால் டிரம்ஸ் அடிப்பான், நல்ல பையன், ஆனால் அடிப்பான்.

 இத்தனை வருஷத்தில் அவரை யாரும் முந்தி நான் பார்த்ததில்லை. அடுத்தவர் வந்து, கேட்காமலே, தன் குறையை முன்னால் எடுத்து வைத்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் பழகிப்போன இடம் அது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இங்கருந்து தண்ணி தெரியுமா?”

“தெரியும். மேல் வீட்டை விட ஒரு மாடி கிட்ட.”

அத்தை போனோடு பால்கனிக்குப் போனார். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். இரண்டாவது தள்ளலில் கிறீச்சென்று வழிவிட்டது.

“ஐயோ, அந்தக் கதவு இறுக்கம்னு சொல்ல விட்டுப்போச்சு” என்றது போன்.

“இருக்கட்டும்” என்றார் அத்தை, காயலைப் பார்த்தபடி. “நானே தொறந்துக்கிட்டேன். பத்திரம் எப்ப எழுதலாம்?”